சந்தா கட்டியாயிற்று, சாவி எங்கே?

பெங்களூரில் உள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் நூலக ஆலோசனைக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அரசு சந்தா கட்டிய ஆய்விதழ்கள் நம் மாணவர்கள், ஆசிரியர்கள் கைக்கு வந்து சேராத விஷயத்தை ஆங்கிலத்தில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு மனுவுக்கும் இன்வர்ட் நம்பர் இருக்கிறது, பதில்தான் இல்லை. மூன்றாவது தடவை தாய்மொழியில் எழுதிப் பார்க்கிறேன். உங்களில் இரண்டு பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். மற்றவர்களுக்கு அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். நம் ஆய்வு மாணவர்களிலும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பத்துப் பிள்ளைகள் என்று தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். தங்களுக்கு வரவேண்டியது என்ன என்பதே அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் வைக்கிறேன்.

பல்கலைக்கழகத்தின் பெயரை எங்கும் எழுதவில்லை. ஊரைக் கூட்டி மானத்தை வாங்குவது என் நோக்கமில்லை. பதினாறு வருடமாக எனக்குச் சோறு போடுகிற இடம் அது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் பிஎச்.டி. செய்கிற பெண் ஒருத்தி ஓசூரில் இருக்கிறாள். ஏரித் தண்ணீரில் பாஸ்பரஸ் எப்படிச் சேர்கிறது, அடிச்சேற்றில் படிந்தது எப்படி மறுபடி மேலே வருகிறது என்பது அவளுடைய ஆய்வு. பெங்களூரில் இருந்துகொண்டு இதைவிடப் பொருத்தமான தலைப்பைத் தேட முடியாது. பெல்லந்தூர் ஏரி நுரை கக்கிச் சாலைக்கு வந்ததையும், 2015இல் அந்த நுரையே தீப்பிடித்து எரிந்ததையும் உலகமே பார்த்தது. சுத்திகரிக்காத சாக்கடையும் சோப்புத் தூளும் சேர்ந்து செய்த வேலை அது.

அன்றைக்கு அவள் காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினாள். அத்திப்பள்ளி, சந்தாபுரம், எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, அப்புறம் இரண்டு வண்டி மாறி, நூலகம் திறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கட்டுரை. அதற்காக இவ்வளவு தூரம் ஏன் வரவேண்டும்? காம்பஸ் நெட்வொர்க்குக்குள் இருந்தால்தான் ஆய்விதழ்கள் திறக்கும். வீட்டிலிருந்தே படிக்க ஒரு லாகின் கேட்டு ஏழு மாதமாகக் காத்திருக்கிறாள். ஆறு கம்ப்யூட்டரில் உயிரோடு இருந்த நான்கில் ஒன்றைப் பிடித்து உட்கார்ந்து தேடினாள். கட்டுரையின் தலைப்பு வந்தது, சுருக்கம் வந்தது, அதற்குக் கீழே ஒரு பெட்டி வந்தது: மேலே படிக்க 39 டாலர் கட்டுங்கள்.

அந்தக் கட்டுரை, அவள் மாதாமாதம் பாட்டிலில் தண்ணீர் மொண்டு எடுக்கிற அதே ஏரியைப் பற்றியது. எழுதியவர்களும் இதே ஊர்க்காரர்கள். ஏரியின் நாற்றம் அவளுக்கு இலவசம். அதைப் பற்றிய கட்டுரைதான் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்.

கவுன்டரில் கேட்டதற்கு, "சர்வர் டவுன், நாளே பன்னி", அதாவது நாளைக்கு வாருங்கள் என்று கன்னடத்தில் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஊரில் ஒரு காலத்தில் ராத்திரி கதவைத் தட்டுகிற பேயை ஏமாற்ற வீட்டுச் சுவரில் 'நாளே பா' என்று எழுதி வைப்பார்கள். பேய் அதைப் படித்துவிட்டு, சரி நாளைக்கு வருவோம் என்று திரும்பிப் போகுமாம். மறுநாளும் அதையே படிக்குமாம். நம் ஆய்வு மாணவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தப் பேயின் நினைவுதான் வருகிறது.

சர்வர் ஒன்றும் டவுன் ஆகவில்லை. நானே போய் நாலு இடத்தில் விசாரித்த பிறகு தெரிந்தது: பல்கலைக்கழகம் இன்டர்நெட் கம்பெனியை மாற்றியிருக்கிறது, அதனால் நம் ஐ.பி. முகவரி மாறியிருக்கிறது, புது முகவரியை யாரும் யாருக்கும் எழுதி அனுப்பவில்லை. வீடு மாறியவர் தபால்காரரிடம் சொல்லாமல் விட்ட கதை. பதிப்பகத்தின் கணினிக்கு நாம் யாரோ வழிப்போக்கர்கள், அதனால் காசு கேட்டது. ஒரு மின்னஞ்சலில் முடிகிற வேலை. அந்த மின்னஞ்சல் போவதற்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று.

பணம் இல்லை என்று நீங்கள் சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். நான் சேர்ந்த புதிதில் அப்படித்தான் இருந்தது. டாலர் விலை ஏற ஏற, வருடா வருடம் எந்த நான்கு ஜர்னலை வெட்டுவது என்று துறைகளுக்குள் பஞ்சாயத்து நடக்கும். இயற்பியல்காரர்களோடு சண்டை போட்டு நாங்கள் காப்பாற்றிய ஒரு இதழை அடுத்த வருடமே வெட்டினார்கள். அப்போதெல்லாம் நூலகத்தைக் குறை சொல்ல மனசு வராது.

இப்போது நிலைமை வேறு. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் பிரான்சிஸ், சேஜ், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என 30 சர்வதேசப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் கீழ் உள்ள 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், 1.8 கோடிப் பேர். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கிற, காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் ஒருங்கிணைக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. நாமும் அதில் இருக்கிறோம்.

இந்த எண்களைக் கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். வருடத்துக்கு 2,000 கோடி, 1.8 கோடிப் பேர். ஆளுக்கு வருடத்துக்கு 1,100 ரூபாய் சொச்சம். பதிமூன்றாயிரம் இதழ்களை வருடம் முழுக்க ஒருவர் படிக்க அரசு கட்டுவது அவ்வளவுதான். அன்றைக்கு என் மாணவியிடம் ஒரே ஒரு கட்டுரைக்குக் கேட்டது அதைப்போல மூன்று மடங்கு. இந்த 6,000 கோடியை வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குக் கொட்டியிருக்க வேண்டுமா, அதில் ஒரு பங்கை நம் இதழ்களை வளர்க்கச் செலவு செய்திருக்கலாமே என்று எனக்கும் கேள்வி உண்டு. ஆனால் அது டெல்லியில் கேட்க வேண்டிய கேள்வி. உங்களிடம் என் கேள்வி சின்னது. பணம் கட்டியாயிற்று. மக்கள் வரிப்பணம், உங்கள் வரியும் என் வரியும்தான். கட்டிய பிறகும் கட்டுரை ஏன் வாசகர் கைக்கு வரவில்லை?

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

லாகின் விஷயத்தை எடுத்துக்கொள்வோம், சிக்கல் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது. காம்பஸுக்கு வெளியிலிருந்து படிப்பதற்கு இன்ஃப்லிப்நெட்டே 'இன்ஃபெட்' என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. நிறுவனம் தன் ஆட்களுக்குக் கணக்கு தொடங்கிக் கொடுத்தால், அவர்கள் வீட்டில், ரயிலில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கிருந்தும் நம் பல்கலைக்கழகத்தின் பெயரில் உள்ளே போகலாம். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. கணக்கு தொடங்கிக் கொடுக்க ஒருவர் உட்கார வேண்டும். நம்மிடம் அதற்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது, அதைத் துறைத்தலைவர் கையெழுத்தோடு தாளில் கொடுக்க வேண்டும், அதில் பணியாளர் எண் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில்தான் வண்டி நிற்கிறது.

ஏனென்றால் நம் துறைகளில் பாடம் நடத்துகிறவர்களில் பெரும்பகுதி கெஸ்ட் லெக்சரர்கள். அவர்களுக்குப் பணியாளர் எண் கிடையாது. எங்கள் துறையிலேயே நிரந்தரமாக இருப்பது நாங்கள் மூன்று பேர். கெஸ்டாக இருப்பது ஏழு பேர். எம்.எஸ்சி. பாடத்தில் பாதிக்கு மேல் நடத்துவது அந்த ஏழு பேர்தான். அவர்களில் நால்வர் சொந்தமாக ஆய்வும் செய்கிறார்கள், இன்னொரு நல்ல வேலைக்கு அதுதான் வழி என்பதால். வருடத்தில் இவ்வளவு மாதத்துக்கு என்று நியமனம், அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் மறுபடி நியமனம். இடைவெளியில் லாகினை மூடிவிடுகிறார்கள், மறுபடி திறக்க முதலிலிருந்து விண்ணப்பம். ஒரு கெஸ்ட் லெக்சரர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேடம், எனக்குச் சம்பளம் தாமதமா வர்றது பழகிடுச்சு. பாஸ்வேர்டும் அப்படித்தான் வரும்னு நினைக்கலை."

திட்டத்தின் 1.8 கோடிக் கணக்கில் மாணவர், ஆசிரியர், ஆய்வாளர் எல்லாரும் வருகிறார்கள். நிரந்தரமா, தற்காலிகமா என்று பிரிக்கிற வேலையை நமக்கு யாரும் கொடுக்கவில்லை. அதை நாமாகத்தான் செய்கிறோம்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கிறவர்களும் இதே மாதிரி நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆய்வேட்டைக் கொடுத்த மறுநாளே நூலக அட்டையை ஒப்படைத்து 'நோ டியூ' வாங்க வேண்டும், லாகினும் போய்விடும். ஆனால் தேர்வாளர் அறிக்கை வரும்போது, இந்தப் புதிய ஆய்வுகளையும் பார்த்துவிட்டு இந்த அதிகாரத்தைத் திருத்துங்கள் என்று எழுதியிருப்பார். எதை வைத்துப் பார்ப்பது? பட்டம் கைக்கு வரும்வரை கணக்கை விட்டுவைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

போன கூட்டத்தில் ஒரு உறுப்பினர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்: "டவுன்லோடு எண்ணிக்கையைப் பார்த்தால் நம் ஆசிரியர்கள் படிப்பதே இல்லை." எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. பதிப்பகங்கள் அனுப்புகிற பயன்பாட்டு அறிக்கையில் டவுன்லோடு குறைவாக இருப்பது உண்மைதான். பூட்டிய வீட்டுக்குள் யாருமே போகவில்லை என்று கணக்கெடுத்தால் குறைவாகத்தான் வரும். அந்த அறிக்கையிலேயே இன்னொரு பகுதி உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்: உள்ளே போக முயன்று அனுமதி மறுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை. நூலகத்துறை இதற்கென்றே ஒரு சர்வதேச வரையறை வைத்திருக்கிறது, கவுன்டர் என்று பெயர். மறுக்கப்பட்டவர்களைத் தனியாக எண்ணுவதற்கு அதில் இடம் இருக்கிறது. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் நம் ஆசிரியர்கள் படிப்பதில்லை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், எப்படியும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நூலகத்தில் கிடைக்காத கட்டுரைகளை இத்தனை வருடமாக நம் பிள்ளைகள் எங்கிருந்து எடுத்தார்கள்? சை-ஹப்பிலிருந்து. காசு கட்டிப் படிக்க வேண்டிய கட்டுரைகளை இலவசமாகக் கொடுக்க 2011இல் கஜகஸ்தான்காரப் பெண் ஒருவர் தொடங்கிய தளம். எல்சேவியரும் வைலியும் அமெரிக்க வேதியியல் கழகமும் 2020இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதன்மேல் வழக்குப் போட்டன. 2025 ஆகஸ்டில் அதை இந்தியாவில் முடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சரியா தவறா என்று வாதாட இது இடமில்லை. நான் சொல்ல வருவது, நம் நூலகத்தின் குறையை இவ்வளவு நாள் அந்தத் திருட்டு வாசல் மூடி மறைத்துக்கொண்டிருந்தது. யாரும் உங்களிடம் வந்து புகார் சொல்லவில்லை, அதனால் பிரச்சினை இல்லை என்று நீங்கள் நினைத்தீர்கள். இப்போது அந்த வாசல் மூடிவிட்டது, கூட்டம் முன் வாசலுக்கு வருகிறது. முன் வாசலில் 'நாளே பா'.

காசு விஷயத்துக்கு மறுபடி வருகிறேன். மத்திய அரசே எல்லாவற்றையும் வாங்கிக் கொடுக்கிறது, இனி நமக்கு ஆய்விதழ்களுக்கு என்று தனியாகப் பணம் எதற்கு என்று சொல்லி, நூலகத்தின் சொந்தச் சந்தாத் தொகையை வேறு தலைப்புக்கு மாற்றிவிட்டதாகக் கணக்குப் பிரிவில் சொன்னார்கள். இது உண்மையாக இருந்தால் பெரிய தப்பு. பதிமூன்றாயிரம் என்பது பெரிய எண்தான், ஆனால் முப்பது பதிப்பகங்களுக்குள் உலகம் முடிந்துவிடவில்லை. கன்னடத் துறைக்கும் தமிழ் படிக்கிறவர்களுக்கும் வேண்டிய சிற்றிதழ்கள், ஆய்விதழ்கள் எந்தச் சர்வதேசப் பதிப்பகத்திடமும் இல்லை. வருடத்துக்குச் சில நூறு ரூபாய் சந்தா கட்டினால் தபாலில் வீடு தேடி வருகிறவை அவை. அவற்றை நிறுத்தி மிச்சப்படுத்துகிற பணத்தில் கூட்டத்துக்குப் போண்டா, காபிகூடத் தேறாது.

அதைவிட முக்கியமானது ஒன்று. பெங்களூரில் வீடு தேடியவர்களுக்கு வாடகை, லீஸ், சொந்தம் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. நம் நூலகத்தின் இரண்டாம் மாடியில் தடித்த அட்டை போட்ட பழைய வால்யூம்கள் வரிசையாக நிற்கின்றனவே, அவை சொந்த வீடு. நான் பிறப்பதற்கு முன் வந்த இதழ்கள். தூசி தட்டி எடுத்தால் இன்றைக்கும் படிக்கலாம், யாரும் பாஸ்வேர்டு கேட்க மாட்டார்கள். மின்னிதழ்ச் சந்தா என்பது பெரும்பாலும் வாடகை வீடு. வாடகை நின்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அறிவித்த மூன்று ஆண்டும் 2027 டிசம்பரோடு முடிகிறது. திட்டம் நீளலாம், நீள வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் நாம் கட்டின ஆண்டுகளின் இதழ்களாவது பிறகும் நம்மிடம் நிற்குமா என்று இப்போதே எழுதிக் கேட்டு வையுங்கள். இடம் பற்றவில்லை என்று அந்தப் பழைய வால்யூம்களைக் கிலோக் கணக்கில் போடுகிற யோசனை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறதாம். தயவுசெய்து அந்த ஃபைலை மூடுங்கள்.

இத்தனை அவசரம் எதற்கு என்று கேட்டால், இப்போது விட்டால் தரம்தான் முதலில் போகும். நல்ல இதழ் கைக்கு எட்டாதபோது மாணவர்கள் கைக்கு எட்டியதைப் படிக்கிறார்கள். கூகுளில் முதலில் வருவது, காசு கொடுத்தால் ஒரே வாரத்தில் எதையும் அச்சடிக்கிற போலி இதழ். அதைப் படித்து, அதையே மேற்கோள் காட்டி, கடைசியில் அதிலேயே தங்கள் கட்டுரையையும் போட்டுவிடுகிறார்கள். எந்த இதழ் நல்ல இதழ் என்று சொல்லப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். இனி அந்தத் தீர்ப்பு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. பத்து நல்ல இதழைத் தொடர்ந்து படித்தவளுக்குத்தான் பதினொன்றாவது போலி என்று தெரியும். தங்கத்தைத் தொட்டே பார்க்காதவளிடம் கவரிங்கைக் கண்டுபிடிக்கச் சொல்லலாமா?

நூலக ஊழியர்களை நான் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். நூலகர் பதவி காலியாகி எத்தனை வருடம் என்று உங்களுக்கே தெரியும். பொறுப்பு நூலகர் என்ற பெயரில் வேறொரு துறைப் பேராசிரியர் வாரத்தில் இரண்டு மதியம் வந்து கையெழுத்துப் போடுகிறார், அவருக்கும் இது தண்டனை மாதிரிதான். இருக்கிற ஒரே உதவி நூலகர் தும்கூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் கேட்டால்கூட, தனக்குத் தெரிந்த வேறு நூலகர்களிடம் சொல்லி எப்படியாவது கட்டுரையை வரவழைத்துக் கொடுப்பார். ஒரு மனிதரின் நல்ல குணத்தை நம்பி ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி ஓடுகிறது. அவர் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம்தான் இருக்கிறது.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நூலகத்தைப் பற்றிப் பேசும்போது எஸ்.ஆர். ரங்கநாதனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை பிடிக்கவில்லை, கணக்கு வாத்தியாராகவே திருப்பி அனுப்புங்கள் என்று முதலில் கேட்டவர். பிறகு லண்டனில் பயிற்சி முடித்து வந்து, 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை எழுதினார். 1962இல் இதே பெங்களூரில் ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். மைசூர் ரோட்டில் இந்தியப் புள்ளியியல் நிறுவன வளாகத்தில் அது இன்றும் இருக்கிறது. 1972இல் பெங்களூரிலேயே காலமானார். அவருடைய பிறந்த நாளை வைத்து ஆகஸ்ட் 12ஆம் தேதி தேசிய நூலகர் தினம் கொண்டாடுகிறோம், நம் நூலகத்திலும் படத்துக்கு மாலை போட்டு லட்டு கொடுத்தார்கள், நானும் சாப்பிட்டேன். அந்த ஐந்தில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி. மாலைக்குப் பின்னால் இருந்து அவர் நம் வாசகர்களின் நேரம் போகிற போக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இணைப்புக் கல்லூரி ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் விடைத்தாளைத் திருத்துவது அவர்கள், நம் பாடத்திட்டக் குழுவில் உட்காருவது அவர்கள், சிலர் நம் மாணவர்களுக்குக் கைடாகவும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கல்லூரிகளில் பல தனியாருடையவை, ஒரே சந்தாத் திட்டத்தின் முதல் கட்டத்தில் தனியாருக்கு இடமில்லை. நம் லாகினைத் தூக்கி அவர்களுக்குக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை, ஒப்பந்தம் அதை அனுமதிக்காது. நேரில் வந்து நம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படிக்க அனுமதி உண்டா என்று இன்ஃப்லிப்நெட்டிடம் எழுதிக் கேட்கலாமே. நூலக ஒப்பந்தங்களில் இப்படி நேரில் வருகிறவர்களுக்கு இடம் கொடுக்கிற வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. ஆனால் அப்படி அனுமதி வந்தாலும், கல்லூரி முடிந்து நாலரைக்குக் கிளம்பி நம் வாசலுக்கு அவர்கள் வந்து சேரும்போது நூலகம் மூடியிருக்கும். சனிக்கிழமை முழு நாளும், மற்ற நாட்களில் ராத்திரி எட்டு மணி வரையும் திறந்திருந்தால் போதும்.

பாடத்துக்காக ஒரு கட்டுரையைப் பத்துப் பிரதி எடுத்தால் காப்பிரைட் பிரச்சினை வரும் என்று ஜெராக்ஸ் அறையில் பயமுறுத்துகிறார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஜெராக்ஸ் கடை ஒன்றின் மேல் மூன்று பெரிய பதிப்பகங்கள் போட்ட வழக்கில், பாடம் நடத்துவதற்காகப் பிரதி எடுப்பதைச் சட்டமே அனுமதிக்கிறது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் சொல்லிவிட்டது. 2017இல் பதிப்பகங்களும் வழக்கை விட்டுவிட்டன. அந்தத் தீர்ப்பின் சாரத்தை ஒரு பக்கத்தில் எழுதி மிஷினுக்கு மேலே ஒட்டிவிட்டால் அந்தப் பையனுக்கும் பயம் தெளியும்.

கடைசியாக நம் பக்கத்துக் குறை, ஆசிரியர்களாகிய எங்கள் குறை. நாங்கள் எழுதுகிற கட்டுரைகளை நாங்களே ஊருக்குத் திறந்து வைப்பதில்லை. பதிப்பகத்திடம் கொடுத்ததோடு சரி. இத்தனைக்கும் இதே ஊரில் இந்திய அறிவியல் கழகம் தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளைச் சேர்த்து வைக்க 2002இலேயே ஒரு மின்களஞ்சியம் தொடங்கிவிட்டது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1934இல் இங்கே தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமியின் இதழ்களை அதன் தளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். நமக்கு ஏன் ஒன்று இல்லை? ஏற்றுக்கொள்ளப்பட்ட கைப்பிரதியை, சில மாதம் பொறுத்து, சொந்த நிறுவனத்தின் களஞ்சியத்தில் வைக்கப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. ஒரு சர்வர், ஒரு ஆள், ஒரு சுற்றறிக்கை. எங்கள் துறையின் கடந்த பத்து வருடக் கட்டுரைகளை நான் ஏற்கெனவே ஒரு பென் டிரைவில் சேர்த்து வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

அந்த 39 டாலர் கட்டுரை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்று மதியம் அவளை விட்டே அந்தக் கட்டுரையை எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொன்னேன். இன்னாருடைய மாணவி, இந்த ஏரியில் வேலை செய்கிறேன், கட்டுரை கிடைக்கவில்லை என்று நாலு வரி. இருபது நிமிடத்தில் பிடிஎஃப் வந்துவிட்டது. கூடவே, சேறு எடுக்கிற கருவி எங்களிடம் சும்மாதான் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொண்டு போ அம்மா என்று ஒரு வரி. அவருடைய ஆய்வகம் நம் வாசலிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரம். மாணவி அடுத்த வாரமே போய் வாங்கி வந்துவிட்டாள். இப்போது கருவி இருக்கிறது, சேறு இருக்கிறது. லாகின்தான் இன்னும் வரவில்லை, எட்டாவது மாதம் நடக்கிறது.

உங்கள் அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருகிறேன். கெஸ்ட் லெக்சரர் ஒருவரையும் ஆய்வு மாணவி ஒருத்தியையும் கூட அழைத்து வருவேன், அவர்களுக்கும் நாற்காலி போடச் சொல்லுங்கள். ஒரு லேப்டாப்பும் கொண்டுவருகிறேன். உங்கள் எதிரிலேயே, காம்பஸுக்கு வெளியே இருக்கிற ஒருவரைப் போல ஒரு கட்டுரையைத் திறந்து காட்ட முயல்கிறேன். அப்போது என்ன வருகிறது என்று எல்லாருமாகச் சேர்ந்து பார்க்கலாம்.

இந்த மடலின் ஒரு பிரதியை நாளைக் காலை அலுவலகத்தில் கொடுக்கிறேன். இன்வர்ட் நம்பர் போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
வேதியியல் துறை ஆசிரியை ஒருத்தி
பெங்களூரு